கிணற்றுக்குள் வயல் களி கொட்டலாமா?

வாசகர் கடிதம்: எங்கள் வீடு விளவங்கோடு வட்டத்தில் ஒரு மேட்டு விளையில் இருக்கிறது. சாலை எங்களுக்கு மேலே, வயல் எங்களுக்குக் கீழே. சாலையோரத்தில் பல ஆண்டுகள் ஒரு வண்டிப் பட்டறை நடந்துவந்து, இப்போது மூடிக் கிடக்கிறது. கழிவு எண்ணெயும் பெட்ரோல் கலந்த கழுவுநீரும் அங்கே மண்ணில்தான் விடப்பட்டன. சென்ற தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு எங்கள் முப்பதடிக் கிணற்று நீரில் லேசான மண்ணெண்ணெய் வாடை தெரிகிறது. வாளியில் கோரும்போது தெளிவாக இருக்கும் நீர் மாலைக்குள் மஞ்சளித்து, அடியில் துரு நிறத்தில் படிகிறது. மேலே வானவில் நிறத்தில் ஒரு படலமும் இருக்கிறது. களிமண்ணில் உள்ள இரும்பு நச்சு வேதிப்பொருள்களை உடைத்துவிடும் என்று என் மகன் படித்திருக்கிறான். வயலில் இருந்து இரண்டு லோடு களி வெட்டிக் கிணற்றில் போட்டால் தெளிந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். போடலாமா? மண் தானாகவே சுத்தமாகிவிடும் என்றால் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? வாழைக்கும் தென்னைக்கும் இந்த நீரை விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கிணற்றில் களியைக் கொட்ட வேண்டாம். அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை இன்றே நிறுத்திவிடுங்கள். கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம். பெட்ரோலில் உள்ள பென்சீன் போன்றவை எளிதில் ஆவியாகும் பொருள்கள் என்பதால், கொதிக்கவைக்கும்போது அவை நீரில் இருந்து கிளம்பி உங்கள் அடுக்களைக் காற்றில் சேரும். உங்கள் மகன் படித்த செய்தி பொய்யன்று. மண்ணியலும் வேதியியலும் சேர்ந்து கடந்த சில பத்தாண்டுகளில் கண்டறிந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த உண்மை அது. ஆனால் அந்த வேலை எங்கே, எந்த நிலையில் நடக்கிறது என்பது தெரிந்தால்தான், உங்கள் கிணற்றுக்கு அது ஏன் உதவாது என்பதும், உங்களுக்குக் கீழே உள்ள வயலுக்கு அது எவ்வளவு தூரம் உதவக்கூடும் என்பதும் விளங்கும்.

முதலில் நீங்கள் கண்ட அடையாளங்களைப் பார்ப்போம். நீர்மேல் தெரியும் வானவில் படலம் இரண்டு காரணங்களால் வரலாம். ஒன்று எண்ணெய், மற்றொன்று இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் மெல்லிய ஏடு. ஒரு பாத்திரத்தில் நீரை அசையாமல் வைத்து, படலத்தை ஒரு குச்சியால் மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். கோணல்மாணலான துண்டுகளாக உடைந்து, அந்தத் துண்டுகள் ஒட்டாமல் அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்பு நுண்ணுயிரிகளின் ஏடு. குச்சி போன வழியில் சுழன்று, உடனே மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் அது எண்ணெய். வாளியில் மாலைக்குள் படியும் துருநிற வண்டல் அதைவிட முக்கியமான செய்தியைத் தருகிறது. கோரும்போது தெளிவாக இருந்த நீர் காற்றுப் பட்டதும் மஞ்சளிக்கிறது என்றால், நிலத்தடியில் அது ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இருந்து வருகிறது என்று பொருள். நீரில் கரையக்கூடிய ஃபெரஸ் இரும்பு அங்கே இருந்திருக்கிறது. காற்றில் அது ஃபெரிக் இரும்பாக மாறிக் கரையாமல் படிகிறது.

மேட்டு விளையின் செம்மண்ணில் இயல்பாக இருப்பது ஃபெரிக் இரும்புதான். வெட்டுகல்லுக்கு அந்தச் சிவப்பும் மஞ்சளும் தருகிற ஹேமடைட், கோயதைட் ஆகிய ஆக்சைடுகள் நன்றாகக் காற்றோட்டம் பெற்ற, ஆக்சிஜனேற்றம் முடிந்த பொருள்கள். அந்த இரும்பு உங்கள் கிணற்றில் கரைந்து வருகிறதென்றால், நிலத்தடியில் ஏதோ ஒன்று அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெரஸாக மாற்றியிருக்கிறது. உங்கள் சூழலில் அந்த ஏதோ ஒன்று பட்டறையின் பெட்ரோலாகவும் எண்ணெயாகவும் இருக்கவே வாய்ப்பு மிகுதி. மண்ணில் இறங்கிய எண்ணெயை நுண்ணுயிரிகள் உண்ணும்போது முதலில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. பிறகு நைட்ரேட்டையும் மாங்கனீசையும் தீர்க்கின்றன. அதுவும் தீர்ந்தபின் ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரிக் இரும்புக்கு எலக்ட்ரானைக் கொடுத்து மூச்சுவிடுகின்றன. ஜியோபாக்டர், ஷெவனெல்லா என்ற இனங்கள் இதில் பேர்பெற்றவை. அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் இருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு ஜியோபாக்டர், பெட்ரோலில் உள்ள டொலுவீனை இப்படி இரும்பின் துணைகொண்டு முழுமையாக உடைப்பதை 1980-களின் இறுதியிலேயே காட்டினார்கள். ஆகவே உங்கள் வாளியில் படியும் துரு, மண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு ஓர் அடையாளம். எண்ணெய் இன்னும் தீரவில்லை என்பதற்கும் அதுவே அடையாளம்.

இனி களிமண்ணுக்கு வருகிறேன். களிமண் கனிமங்கள் எல்லாம் மிக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தவை. தகட்டின் நடுப்பகுதியில் அலுமினியமோ மக்னீசியமோ இருக்க வேண்டிய இடங்களில் சிலவற்றை இரும்பு பிடித்துக்கொள்வதுண்டு. எவ்வளவு இரும்பு என்பது களிக்குக் களி மாறும். கொல்லம் மாவட்டத்துக் குண்டறையிலும் திருவனந்தபுரம் அருகே தோணக்கல்லிலும் வெட்டப்படும் வெள்ளைக் களியான கயோலினைட்டில் இரும்பு மிகக் குறைவு. அதன் வெண்மைக்கே அதுதான் காரணம். மறுமுனையில் நான்ட்ரோனைட் என்ற கனிமம் இருக்கிறது. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் நான்ட்ரோனைட் தென் ஆஸ்திரேலியாவின் யூலி சுரங்கத்தில் இருந்து வருவது, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இரும்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் இல்லைட், மான்ட்மோரில்லோனைட் எனப் பல வகைகள் உண்டு. மழைநீர் எப்போதும் கழுவிச் செல்லும் மேட்டில் கயோலினைட்டும் ஆக்சைடுகளும் மிஞ்சும். நீர் தேங்கி, மேலிருந்து கரைந்து வரும் சத்துகள் சேரும் தாழ்வில் மான்ட்மோரில்லோனைட்டும் நான்ட்ரோனைட்டும் அடங்கிய ஸ்மெக்டைட் வகைக் களிகள் உருவாக வாய்ப்பு அதிகம். நம் குமரி மாவட்டத்தின் அடிப்பாறைகளான கோண்டலைட்டிலும் சார்னோக்கைட்டிலும் பயோடைட், கார்னெட் போன்ற இரும்புக் கனிமங்கள் இருப்பதால், அவை சிதைந்து உண்டாகும் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அந்த இரும்பு எந்த வடிவில், எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

ஆக்சைடில் உள்ள இரும்புக்கும் களித்தகட்டில் உள்ள இரும்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த விஷயத்தின் உயிர்நாடியே அதுதான். ஆக்சைடில் இருக்கும் ஃபெரிக் இரும்பு ஓர் எலக்ட்ரானைப் பெற்று ஃபெரஸானதும் பெரும்பாலும் கரைந்துவிடும். ஒரு பகுதி மண்ணிலேயே ஒட்டிக்கொள்ள, மிச்சம் நீரோடு போய்விடும். களித்தகட்டுக்குள் இருக்கும் இரும்போ, எலக்ட்ரானைப் பெற்ற பிறகும் பெரும்பாலும் தகட்டிலேயே தங்கியிருக்கும். தேவை வரும்போது அந்த எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுப் பழையபடி ஃபெரிக்காகி, அடுத்த முறைக்குக் காத்திருக்கும். மின்னேற்றி மின்னேற்றிப் பயன்படுத்தும் பேட்டரியைப் போல அது திரும்பத் திரும்ப வேலை செய்யக்கூடியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஸ்டக்கி பல பத்தாண்டுகள் இந்த மாற்றத்தையே ஆராய்ந்தவர். இப்படி எலக்ட்ரானைப் பெற்று மின்னேறிய களியைக் கண்ணாலேயே அறியலாம். மஞ்சள்பச்சையாக இருந்த நான்ட்ரோனைட் எலக்ட்ரான் ஏற ஏறக் கரும்பச்சையாகவும் நீலம்பாய்ந்த சாம்பலாகவும் மாறும். ஆய்வகம் இல்லாமலும் இதைப் பார்க்க முடியும். கும்பப்பூ சாகுபடியின்போது நீர் நிற்கும் வயலில் முழங்கை ஆழத்துக்குக் கைவிட்டு ஒரு பிடி தொளியை எடுத்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் நீலமாக இருக்கும், நெல்வேர் ஓடிய தடங்களில் மட்டும் காவி நிறம் கோடிட்டிருக்கும். வேர் தன் வழியாக ஆக்சிஜனைச் சேற்றுக்குள் கசியவிடுகிறது என்பதன் தடம் அந்தக் காவி. எடுத்த தொளியை வரப்பில் வைத்துவிட்டு வந்தால், வெளிப்புறம் மெல்ல மெல்லப் பழுப்பேறும்.

மின்னேறிய களி இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் தன் எலக்ட்ரானை நேரடியாக மாசுப்பொருளுக்கே கொடுப்பது ஒன்று. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் நகரும் நச்சு. மூன்று ஃபெரஸ் இரும்புகள் ஓர் எலக்ட்ரான் வீதம் கொடுத்தால் அது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமாகிப் பெரும்பாலும் படிந்துவிடுகிறது. நைட்ரோ தொகுதி உள்ள பல சேர்மங்கள், குறிப்பாக டைநைட்ரோஅனிலின் வகைக் களைக்கொல்லிகள், இவ்வாறே அமீன்களாக மாறுகின்றன.

இரண்டாவது வழிதான் என்னை இன்றும் வியக்கவைப்பது. மின்னேறிய களிமீது காற்று பட்டதும் அதன் இரும்பு ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அந்தப் பெராக்சைடும் மேலும் ஃபெரஸ் இரும்பும் சேர்ந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பு என்ற, அருகில் உள்ளதை உடனே தாக்கும் துணுக்கை உண்டாக்குகின்றன. ஃபெரஸ் இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் கரிமப் பொருள்களைக் கடுமையாகத் தாக்கும் என்பதை ஆங்கிலேய வேதியியலாளர் ஃபென்டன் 1894-இல் டார்டாரிக் அமிலத்தில் காட்டியிருந்தார். அதே வினை வெளிச்சமே புகாத நிலத்தடியில், யாரும் பெராக்சைடு ஊற்றாமலே நடக்கிறது என்பது பிற்காலத்துக் கண்டுபிடிப்பு. சீனாவின் வூகானில் உள்ள ஆய்வாளர்கள், நிலத்தடி வண்டலில் காற்றுப் படும்போது இந்தத் தனி உறுப்பு கணிசமாக உண்டாவதை 2016-இல் வெளியிட்டார்கள். பென்சீனையும் பீனாலையும் பல பூச்சிமருந்துகளையும் தாக்கும் வல்லமை அதற்கு உண்டு. ஆனால் அதன் ஆயுள் கண்ணிமைக்கும் நேரத்தில் மிக மிகச் சிறு பங்குதான். பிறந்த இடத்தில் எது அருகில் இருக்கிறதோ அதையே தாக்கி மறையும். மண்ணில் உள்ள மக்கிய பொருளும், நீரில் கரைந்த பைகார்பனேட்டும் அருகில் இருந்தால் அவையே அதைத் தின்றுவிடும்.

ஆக, நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கிற இடத்தில்தான் இந்த வேலை தொடர்ந்து நடக்கும். நனைந்து காற்று அடைபடும்போது நுண்ணுயிரிகள் களிக்கு மின்னேற்றுகின்றன, நீர் வடிந்து காற்று இறங்கும்போது அது வெளிப்படுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் கிடைக்கும் நம் மாவட்டத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஆண்டில் இருமுறை ஏறி இறங்குகிறது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையும் வயலில் நீர் கட்டுவதும் வடிப்பதும் அதற்கு மேலும் சில சுற்றுகளைச் சேர்க்கின்றன. வயலைச் செம்மண் லாரி லாரியாகக் கொட்டி மனையாக்கும்போது நெல் மட்டும் போவதில்லை, அடியில் நடந்துவந்த இந்தச் சுற்றும் நின்றுபோகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு. நீங்கள் எழுதியபடி பட்டறை மேலே, கிணறு நடுவில், வயல் கீழே. நிலத்தடி நீர் பெரும்பாலும் நிலம் சரியும் போக்கிலேயே செல்லும் என்பதால், பட்டறையில் இருந்து வரும் நீர் களிமிக்க வயலடியைத் தொடுவதற்கு முன்பே உங்கள் கிணற்றைத் தொட்டுவிடுகிறது. உங்கள் வயல் களி நல்ல களியாகவே இருக்கலாம். ஆனாலும் அது உங்கள் கிணற்றுக்குக் காவலாக நிற்கும் இடத்தில் இல்லை. சரி, அதை வெட்டிக் கிணற்றுக்கே கொண்டுவந்தால் என்ன என்பது அண்ணனின் யோசனை. வெட்டி, லோடில் ஏற்றி, கொண்டுவந்து கொட்டுவதற்குள் அதன் மின்னேற்றத்தில் ஒரு பகுதி காற்றிலேயே செலவாகிவிடும். மிஞ்சியதும் திறந்த கிணற்றில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு தீர்ந்துபோகும். பட்டறை மண்ணில் இருந்து எண்ணெயோ நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். போதாக்குறைக்கு வயல் சேற்றோடு சாணக் கிருமிகளும் உரமும் மருந்தும் குடிநீருக்குள் வரும், களி ஊற்றுக்கண்களை அடைக்கும், பிறகு தூர்வாரும் செலவும் உங்கள் தலையில் விழும்.

பெரும் செலவில், பொறியாளர்களைக் கொண்டு இதைச் செய்து பார்த்த இடமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்போர்டு அணு வளாகத்தில் குரோமேட் (ஆறு இணைதிறன் குரோமியம்) கலந்த நிலத்தடி நீர் கொலம்பியா ஆற்றை நோக்கி நகர்ந்தது. 1990-களில் நிலத்துக்குள் எலக்ட்ரானைக் கொடுக்கும் வேதிப்பொருளான சோடியம் டைதயோனைட்டைச் செலுத்தி, அங்குள்ள வண்டலின் இரும்பை ஃபெரஸாக்கி, அதையே தடுப்பாக நிறுத்தினார்கள். குரோமியம் குறைந்தது. ஆனாலும் அந்தத் தடுப்பின் சில பகுதிகள் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே திறன் இழந்தன. அங்கே இரும்பு இருந்த இடத்திலேயே வைத்து மின்னேற்றினார்கள், அதுவும் தீர்ந்துபோனது என்றால், கிணற்றில் கொட்டிய இரண்டு லோடு எந்த அளவுக்கு என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உடைவது என்பது எப்போதும் நஞ்சு நீங்குவது ஆகாது. நைட்ரோபென்சீன் அனிலின் ஆகிறது, அனிலினும் நச்சுதான். கார்பன் டெட்ராகுளோரைடில் இருந்து குளோரோபார்ம் உண்டாகிறது. பென்சீன் தாக்கப்பட்டால் முதலில் பீனால் வருகிறது. மிச்சத்தை நுண்ணுயிரிகள் உண்டு முடிக்க வேண்டும், அதற்குக் காலம் வேண்டும். பீனால் இருக்கும் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரோபீனால்கள் உண்டாகி, நாற்றமும் சுவையும் முன்பைவிட மோசமாகும் என்பதால் அதையும் இப்போது போட வேண்டாம். கடற்கரை மணலில் தோரியம் இருக்கும் மணவாளக்குறிச்சிப் பகுதியில் இருந்து அதைப் பற்றியும் இதே போல் கேட்கிறார்கள். தோரியத்தின் கதிரியக்கத்தை எந்தக் களியின் எந்த இரும்பும் அழிக்காது.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். எண்ணெய் ஊறிய மண் மேலே இருக்கும்வரை கணக்கே தொடங்காது. ஆகவே முதல் வேலை, பட்டறைத் தரையில் எண்ணெய்க் குழி எங்கே இருந்தது என்று கண்டு, ஊறிய மண்ணை அகற்றச் செய்வது. பயன்படுத்திய எண்ணெயும் அது ஊறிய மண்ணும் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் வருபவை. எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள், ஊராட்சிக்கும் ஒரு நகல் கொடுங்கள். நீங்களே ஆள்விட்டு வெட்டி ஆற்றோரத்தில் கொட்டிவிடக் கூடாது. மண் அகற்றப்பட்ட பிறகும் மிஞ்சிய மாசு குறைய ஆண்டுக்கணக்காகும் என்று எண்ணிக்கொண்டு, அதுவரை வேறு நீருக்கு வழி செய்யுங்கள்.

ஆய்வைப் பொறுத்தவரை, வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் உப்பும் கடினத்தன்மையும் இரும்பும் நைட்ரேட்டும் வரும், பென்சீன் வராது. வாயு நிறப்பிரிகைக் கருவி (கேஸ் குரோமட்டோகிராப்) உள்ள ஆய்வகத்தில் பென்சீன், டொலுவீன், சைலீன், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நீரில் அதன் வாடை மூக்குக்குத் தெரியத் தொடங்குவதோ லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராமில். வரம்பைப் போல ஆயிரம் மடங்கு ஆன பிறகுதான் பென்சீன் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்பதால், வாடை போய்விட்டது, இனிக் குடிக்கலாம் என்று எவரும் முடிவெடுக்கக் கூடாது. மாதிரியை ஆய்வகம் தரும் கண்ணாடிக் குப்பியில், மேலே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாதபடி விளிம்புவரை நிரப்பி மூடி, பனிக்கட்டியில் வைத்துத் தாமதமின்றிச் சேர்க்க வேண்டும். பாதி நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோனால், பென்சீன் வழியிலேயே ஆவியாகி, இல்லாத நிம்மதியை உங்களுக்குத் தந்துவிடும். ஒரே ஒரு முறை எடுத்தால் போதாது. மே மாத இறுதியில், தென்மேற்கு மழை ஓய்ந்ததும், வடகிழக்கு மழையின் நடுவில், பிறகு மாசியில் என்று ஆண்டுக்கு நான்கு முறை எடுங்கள். நீர்மட்டம் ஏறும்போது மண்துளைகளில் ஒட்டியிருந்த எண்ணெய் நீரில் படக்கூடும் என்பதால், மழைக்குப் பிந்தைய அளவுதான் பெரும்பாலும் உண்மை நிலையைச் சொல்லும். உங்களுக்கும் வயலுக்கும் இடையில் வேறு வீட்டுக் கிணறு இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் நீரும் ஒரு முறையாவது ஆய்வுக்குப் போக வேண்டும்.

வாழைக்கும் தென்னைக்கும் விடலாமா என்பதற்குக் குச்சிச் சோதனை முதல் விடை தரும். எண்ணெய் என்று தெரிந்தால் மரங்களுக்கும் விட வேண்டாம், அது மண்ணின் துளைகளை அடைத்து வேரை மூச்சுமுட்டச் செய்யும். இரும்பு ஏடு மட்டும்தான் என்றால், ஆய்வு முடிவு வரும்வரை தென்னைக்கு அளவோடு விடலாம். கீரை, வெள்ளரி போன்றவற்றுக்கும் கறவை மாட்டுக்கும் வேண்டாம். எப்படியானாலும் மணிக்கணக்கில் மோட்டார் ஓடக் கூடாது. கிணற்று நீர்மட்டத்தை வேகமாக இறக்கினால் மேலே பட்டறையடியில் உள்ள நீரை நீங்களே உங்கள் பக்கம் இழுப்பதாகிவிடும். முடிவு வந்ததும் பென்சீன் அளவோடு, கரைந்த இரும்பு, மாங்கனீசு, நைட்ரேட், சல்பேட் அளவுகளையும், மாதிரி எடுத்த அன்று மோட்டார் போடுவதற்கு முன் நீர் எத்தனை அடியில் நின்றது என்பதையும் எழுதியனுப்புங்கள்.